தைம் செடி நலிகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

நலிந்துபோன தைம் தொட்டியோடு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "போன வாரம்வரை நன்றாக இருந்தது, தினமும் தண்ணீர் ஊற்றினேன்." அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியில்தான் நோய் இருக்கிறது. மணத்துக்காகச் சமையலில் சேர்க்கும் சிறு மூலிகைதான் தைம். மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட பாறைச் சரிவுகளில் வளர்ந்து பழகிய செடி இது. பட்டினியை அது தாங்கும். நாளெல்லாம் ஈரத்தில் நிற்பதைத் தாங்காது.

ஆனால் எல்லாவற்றுக்கும் தண்ணீரே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. வாடிய செடி தாகத்தாலும் வாடியிருக்கலாம், வேர் அழுகியும் வாடியிருக்கலாம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் செலவே இல்லாத காரணம் முதலில் வரும். மண்ணை மாற்றுவதும், செடியையே மாற்றுவதும், வல்லுநரிடம் போவதும் அதற்குப் பிறகு. வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் விரல், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பூதக்கண்ணாடி ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான சோதனைகளைச் செய்துவிடலாம்.

## எதற்கும் முன்னால்: உங்களிடம் இருப்பது எந்தத் தைம்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனவர்கள் நோயே இல்லாத செடிக்கு மருந்து தெளித்ததைப் பார்த்திருக்கிறேன். தைம் என்ற பெயரில் பல இனங்கள் விற்கப்படுகின்றன. ஒன்றுக்கு இயல்பாக இருப்பது இன்னொன்றுக்கு நோயின் அடையாளம்.

நிமிர்ந்து, 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரம்வரை புதர்போல் வளர்ந்து, அடியில் மரக்கட்டைபோல் இறுகினால் அது தைமஸ் வல்காரிஸ் என்னும் சமையல் தைம். அதிலேயே இலை ஒடுங்கி, சாம்பல் படிந்த பச்சையாக இருப்பதைப் பிரெஞ்சு தைம் என்று விற்கிறார்கள். இலை சற்று அகன்று கரும்பச்சையாக இருந்தால் இங்கிலீஷ் தைம். ஜெர்மன் தைம் அல்லது குளிர்காலத் தைம் என்று வருவது உறைபனியை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். பிரெஞ்சு வகை வெயிலை விரும்பும், கடுங்குளிரில் தளர்ந்துவிடும்.

இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் வருகிறதா? அது எலுமிச்சைத் தைம். இலை ஓரத்தில் பொன்னிறமோ வெண்மையோ கோடிட்டிருப்பது அதன் வகைகள் சிலவற்றின் இயல்பான அழகு, சத்துக்குறைவு அல்ல. தரையோடு ஒட்டிப் பாய்போல் பரவுவது படரும் தைம். அதிலும் இலை முழுக்க மெல்லிய மயிர் மூடிச் சாம்பல் நிறமாக இருந்தால் கம்பளித் தைம். பார்வைக்கு மட்டுமே அது, மணம் மிகக் குறைவு. கோர்சிகா, சார்டீனியா தீவுகளைச் சேர்ந்த கேரவே தைமும் தரையோடு படரும், ஆனால் மணம் நன்றாக எழும்.

இலை தடித்து, சதைப்பற்றோடு, விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் உங்களிடம் இருப்பது தைமே அல்ல, கற்பூரவல்லி. கரீபியன் தீவுகளில் அதை அகன்ற இலைத் தைம் என்று அழைப்பதால் சில இடங்களில் அந்தப் பெயரிலேயே விற்பனைக்கு வருகிறது. கீழே சொல்லியிருப்பவற்றில் பாதி அதற்குப் பொருந்தாது.

## அறிகுறி: செடி வாடித் தொங்குகிறது

தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம், அதாவது நான்கைந்து சென்டிமீட்டர் இறக்குங்கள். வேர் அடர்ந்து விரல் இறங்காவிட்டால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டியின் எடைக்கும் நனைந்த தொட்டியின் எடைக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று முறையில் கைக்குப் பழகிவிடும்.

### மண் காய்ந்திருந்தால்

மேலே ஊற்றினால் போதாது. தேங்காய் நார்க்கழிவோ பீட்டோ (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரப்பொருள்) கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் ஓரத்திலிருந்து விலகி நிற்கும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அடித்துளையில் வெளியேறிவிடும். வேருக்கு ஒரு சொட்டும் சேராது. "நன்றாக ஊற்றினேன், கீழேகூட வடிந்தது, ஆனாலும் வாடுகிறது" என்பவர்களின் சிக்கல் இதுதான். தொட்டியைப் பாதி உயரத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, எடுத்து, முழுதாக வடியவிடுங்கள். தாகமே காரணமாக இருந்தால் ஒரு நாளுக்குள் செடி நிமிர்ந்துவிடும்.

நிமிரவில்லை, இலைகள் தொட்டால் பொடிகின்றன என்றால் தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தத் தண்டுக்கு உயிர் இருக்கிறது, காத்திருங்கள். பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிடுங்கள்.

நனைத்த மறுநாளே மறுபடியும் காய்ந்து வாடுகிறது என்றால் தொட்டிக்குள் மண்ணைவிட வேர் அதிகமாகிவிட்டது. செடியைக் கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். வேர் சுற்றிச் சுற்றி வட்டமிட்டிருந்தால் ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரே தாவலில் மிகப் பெரிய தொட்டிக்குப் போகாதீர்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும், அங்கிருந்துதான் அடுத்த சிக்கல் தொடங்கும்.

### மண் ஈரமாக இருந்தால்

செடி வாடியிருக்கிறது, மண்ணோ சொதசொதவென்று இருக்கிறது என்றால் இது அவசரம். எளியவற்றை முதலில் பாருங்கள். அடியில் தட்டு இருக்கிறதா, அதில் தண்ணீர் நிற்கிறதா? துளை அடைத்திருக்கிறதா? துளையே இல்லாத அலங்காரத் தொட்டிக்குள் செடித்தொட்டியை இறக்கி வைத்திருக்கிறீர்களா? இந்தக் கடைசித் தவறு கண்ணில் படாமலே செடியைக் கொன்றுவிடுகிறது. வெளித்தொட்டியின் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றிருக்கும். மேல்மண் மட்டும் காய்ந்ததுபோல் தெரியும்.

அடுத்து, செடியை வெளியே எடுங்கள். இதற்குப் பலர் தயங்குகிறார்கள், தயங்க வேண்டாம். நல்ல வேர் வெளிர் நிறமாக, இழுத்தால் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கரும்பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நூல்போன்ற நடுநரம்பு மட்டும் நிற்கும். புளித்த நாற்றம் வந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

அழுகல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் காப்பாற்றலாம். அழுகியதையெல்லாம் சுத்தமான கத்தரியால் நீக்கி, வேர் குறைந்த அளவுக்குத் தழையையும் குறைத்து, புதுமண்ணில் நடுங்கள். ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். பாதிக்கு மேல் போய்விட்டால் தாய்ச்செடியோடு போராடுவதில் பயனில்லை. இன்னும் பச்சையாக இருக்கும் நுனிகளை உடனே கிள்ளிப் போத்தாக (வேர்விடுவதற்காக வெட்டி நடும் தண்டு) நட்டுவிடுங்கள். நாளைக்கு அந்த நுனியும் இருக்காது. பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள். வேரழுகலை உண்டாக்கும் பித்தியம், பைட்டோஃப்தோரா, ரைசோக்டோனியா ஆகிய கிருமிகள் மண்ணோடு இடம் மாறும். தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் ஊறவைத்து, அலசி, வெயிலில் உலர்த்திய பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

புதுமண் எப்படி இருக்க வேண்டும்? சாதாரணத் தொட்டிமண் இரண்டு பங்கு, பெருமணலோ பெர்லைட்டோ (எடை குறைந்த வெண்ணிற எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு. காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் இரண்டையும் சரிபாதியாகவே கலக்கலாம். மணல் என்றதும் நுண்மணலைக் கொட்டிவிடாதீர்கள். களிமண்ணோடு சேர்ந்தால் அது மண்ணின் இடைவெளிகளை அடைத்து இறுகிவிடும், வடிகாலுக்குப் பதில் தடை ஆகிவிடும். தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்கு போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகொண்ட கல்லடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கும். கல் எத்தனை விரற்கடை இருக்கிறதோ அத்தனை விரற்கடை ஈரம் வேருக்கு அருகே வந்துவிடும். சுட்ட மண்தொட்டி, பெரிய துளை, அடிமுதல் நுனிவரை ஒரே கலவை. இதற்குமேல் தைம் எதுவும் கேட்பதில்லை.

தரையில் நட்டிருந்தால் செடிக்கு அருகே 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலைச் செருகி நேரம் பாருங்கள். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கினால் மண் பரவாயில்லை. அதைவிட மெதுவாக இறங்கினால் அந்த இடத்தில் எந்தத் தைமும் நிலைக்காது. 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி அமைத்து அதில் நடுங்கள்.

வல்லுநர் தேவைப்படும் இடம்: இரவு முழுவதும் குழியில் தண்ணீர் அப்படியே நிற்கிறது என்றால் நிலத்தின் வடிகாலையே சரிசெய்ய வேண்டும், அது தோட்டக்கலைஞர் பார்க்க வேண்டிய வேலை. நல்ல வடிகால் இருந்தும் பாத்தியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செடிகள் சாய்கின்றன என்றால், அரைகுறையாக வாடிய ஒரு செடியை வேரும் மண்ணுமாகப் பையில் எடுத்துத் தாவர நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். முழுதாகச் செத்த செடியை எடுத்துப் போகாதீர்கள். செத்த பிறகு வந்து குடியேறிய பூஞ்சைகள் உண்மையான நோயை மறைத்துவிடும்.

### ஒரே ஒரு கிளை மட்டும் வாடினால்

பெரும்பாலும் முறிவுதான். அடியில் தண்டு பிளந்திருக்கிறதா, ஏதாவது கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வாடிய கிளையைச் சேதத்துக்குக் கீழே வெட்டிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுங்கள். அடுத்தடுத்த கிளைகளும் வாடத் தொடங்கினால் முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

### வாங்கி வந்த சில நாட்களிலேயே வாடினால்

சமையலுக்கென்று விற்கும் சிறு தொட்டிகளில் ஒரு செடி இருப்பதில்லை. நெருக்கமாக விதைத்த பல நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். சில வாரம் கிள்ளிப் பயன்படுத்துவதற்காகவே வளர்க்கப்பட்டவை அவை. வேர்க்கட்டியை மூன்று நான்காகப் பிரித்துத் தனித்தனியாக நடுங்கள். பசுமைக்குடிலின் மென்மையில் வளர்ந்ததை முதல் நாளே உச்சி வெயிலில் வைக்காதீர்கள். நாளுக்கு ஒரு மணி நேர வெயிலில் தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

## அறிகுறி: மணம் இல்லை, அல்லது எதிர்பார்த்த மணம் இல்லை

என்னிடம் வரும் குறைகளில் நான் மிகவும் பொறுமையோடு கேட்பது இது. செடி பச்சைப்பசேலென்று இருக்கும். கசக்கினால் புல் வாசனை வரும். வளர்த்தவருக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று எனக்குத் தெரியும். சாவதைவிட இது மோசம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

முதல் காரணம், அளவுக்கு மீறிய கவனிப்பு. தழைச்சத்து மிகுந்த உரமும் அடிக்கடி நீரும் கிடைத்தால் தைம் மென்மையான பெரிய இலைகளாகத் தள்ளும், மணம் நீர்த்துவிடும். உரத்தை நிறுத்துங்கள். நட்ட மண்ணில் கொஞ்சம் மக்கிய உரம் இருந்தால் ஒரு வருடத்துக்கு அதுவே போதும். அடுத்த இரண்டு மாதங்களில் வரும் தளிர்களின் மணத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, வெயில் போதவில்லை. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக நேர்வெயில் பட்டால் இலையில் மணம் தரும் எண்ணெய் குறையும்.

மூன்றாவது, பறிக்கும் காலம். பூ மொட்டுவிடும் தறுவாயில், மலர்வதற்குச் சற்று முன்னால், பனி உலர்ந்த காலை நேரத்தில் பறியுங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் மணம் வேறாக இருந்தால் காரணம் செடியின் பிறப்பில் இருக்கிறது. தைமுக்குப் பேர்போன மணம் தைமால் என்னும் பொருளால் வருகிறது. ஓமத்தின் மணமும் அதுவேதான். ஆனால் எல்லாச் சமையல் தைமும் தைமாலைத் தருவதில்லை. தெற்கு பிரான்சில் காட்டில் வளரும் தைமஸ் வல்காரிஸில் மட்டும் ஆறு வேதி வகைகள், அதாவது எண்ணெயில் மேலோங்கும் பொருளால் வேறுபடும் வகைகள், உண்டு. தைமால், கார்வக்ரால் மிகுந்தவை காரமாக இருக்கும். லினலூல், ஜெரானியால் மிகுந்தவை பூமணம் வீசும். மற்ற இரண்டில் ஆல்ஃபா டெர்பினியோலும் துஜனாலும் மேலோங்கும். இலையைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. விதையிலிருந்து வளர்த்த இரண்டு செடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெவ்வேறாக மணப்பதற்கு இதுவே காரணம்.

அதனால் சமையலுக்குத் தைம் வாங்கும்போது பெயர்ச்சீட்டை நம்பி வாங்காதீர்கள். ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்து வாங்குங்கள். எலுமிச்சைத் தைம் என்ற சீட்டோடு நான் வாங்கி வந்த ஒரு செடியில் இரண்டு வருடம் காத்திருந்தும் எலுமிச்சை வாசம் வரவேயில்லை. அது விதையில் வளர்த்த செடி என்பது பிறகுதான் தெரிந்தது. எலுமிச்சைத் தைமின் பெயர்பெற்ற வகைகள் விதையில் தாயைப்போல வருவதில்லை. போத்திலோ பதியத்திலோ பிரித்தெடுத்ததிலோதான் அந்த மணம் மாறாமல் வரும். அன்றைக்கு வாங்கும் இடத்தில் ஓர் இலையைக் கசக்கியிருந்தால் இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

மணமில்லாத செடியை மணக்கவைக்க மருந்து கிடையாது. வகை தவறென்று தெரிந்தால் அதைப் பூவுக்காக, தேனீக்களுக்காக ஓர் ஓரத்தில் விட்டுவிட்டு, மணத்துக்கு வேறு செடி தேடுங்கள்.

## அறிகுறி: நடுவில் வழுக்கை, அடியெல்லாம் வெறும் கட்டை

வயதான தைமின் இயல்பு இது. செடிக்கு மூன்று நான்கு வயதாகிவிட்டால், ஓரங்களில் மட்டும் தழைத்து நடுவில் காய்ந்த குச்சியாக நிற்பதை நோய் என்று சொல்ல முடியாது. இரண்டு வயதுக்குள் இப்படி ஆகிவிட்டால், கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை அவ்வப்போது வெட்டிவிடாமல், விட்டிருக்கிறீர்கள்.

இதில் அவசரப்பட்டு அடியோடு மொட்டையடிப்பவர்கள் செடியை இழக்கிறார்கள். இலையே இல்லாத பழங்கட்டையிலிருந்து தைம் மறுபடி துளிர்ப்பது அரிது. முதலில் கட்டையை உற்றுப் பாருங்கள். அடிக்கு அருகே ஊசிமுனை அளவில் பச்சைத் துளிர்கள் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றுக்குச் சற்று மேலே வெட்டலாம். அதையும் ஒரே நாளில் முழுச்செடிக்கும் செய்யாமல், பாதியை இப்போதும் மீதியை ஆறு வாரம் கழித்தும் வெட்டுங்கள். துளிர் எதுவும் இல்லையென்றால் பச்சை முடியும் இடத்துக்கு மேலேயே கத்தரியை நிறுத்துங்கள்.

அப்படிப்பட்ட செடிக்குப் பதியம்தான் நல்ல வழி. நீண்டு தொங்கும் கிளையை மண்ணில் படியவைத்து, மண்ணைத் தொடும் இடத்தில் இலைகளை நீக்கி, வளைந்த கம்பியால் அழுத்தி, மேலே கொஞ்சம் மண் போடுங்கள். இரண்டு மாதங்களுக்குள் பெரும்பாலும் வேர்விட்டுவிடும். வேர் பிடித்ததும் தாயிடமிருந்து வெட்டிப் பிரித்து நடுங்கள். சிலர் செடி முழுவதையும் தோண்டி, கட்டை மறையும் ஆழத்தில் மறுபடி புதைத்து, ஒவ்வொரு கிளையும் வேர்விட்ட பிறகு பிரிக்கிறார்கள். வடிகால் நன்றாக இருக்கும் மண்ணில் அதுவும் பலிக்கிறது.

இளஞ்செடிக்கு ஒவ்வொரு முறை பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு பச்சைத் தழையை நீக்கிக்கொண்டே வந்தால் இந்த வழுக்கை சில வருடம் தள்ளிப்போகும். உறைபனி விழும் இடங்களில் குளிர் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் கவாத்து வேண்டாம். அப்போது வரும் இளந்துளிர் பனியில் கருகும்.

## அறிகுறி: நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது

கணுக்களுக்கு இடையே இடைவெளி நீண்டு, இலை சிறுத்து, வெளிறி, செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. சன்னலோரம் நமக்கு வெளிச்சமாகத் தெரியும். செடிக்கு அது போதாது. வெளியே கொண்டுபோக முடியாதவர்கள் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கை ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். நீண்ட தண்டுகளைப் பாதியாக வெட்டுங்கள், ஆனால் வெட்டிய இடத்துக்குக் கீழே இலைகள் இருக்கட்டும். ஏற்கெனவே நீண்டுவிட்டது திரும்பச் சுருங்காது. புதுத் தளிர்தான் அடர்த்தியாக வரும்.

## அறிகுறி: இலையின் நிறம் மாறுகிறது

முழுச்செடியும் மஞ்சள். மறுபடியும் விரல் சோதனை. பெரும்பாலும் ஈரம்தான். ஈரம் சரியாக இருந்து, ஒரே மண்ணில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் சத்துக்குறைவு, மண்ணை மாற்றுங்கள். தளிர் மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் மண்ணின் கார அமில நிலையை (pH) சோதியுங்கள். 6 முதல் 8 வரை தைமுக்கு ஏற்றது. அதைத் தாண்டினால் கண்டதைப் போடாமல், மண் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

நுண்ணிய வெண்புள்ளிகள், தூசி படிந்ததுபோன்ற சாம்பல் நிறம். வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்கின்றனவா? சிலந்திப்பேன்கள். பூதக்கண்ணாடியில் இலையடியில் மெல்லிய வலையும் தெரியலாம். வறண்ட வெப்பத்திலும் வீட்டுக்குள்ளும் இவை பெருகும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம். அப்போது மண் சேறாகாமலிருக்கத் தொட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். அடங்காவிட்டால் பூச்சிகளுக்கென்றே விற்கும் சோப்புக் கரைசல். முட்டைகளை அது கொல்லாது. ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால்தான் புதிதாகப் பொரித்தவையும் சாகும். உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள். உண்ணும் செடி என்பதால், உண்ணும் பயிருக்கு அனுமதி என்று புட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். பறிப்பதற்குமுன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பதையும் மீறாதீர்கள். மூன்று முறை தெளித்தும் வலை பெருகினால் அந்தச் செடியைப் பையில் கட்டி அகற்றிவிடுங்கள். பக்கத்துத் தொட்டிகள் முக்கியம்.

நுனி மட்டும் கருகுகிறது, மண்மேல் வெண்படலம். உப்பு படிந்திருக்கிறது. உரமோ கடின நீரோ காரணம். தொட்டிக் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி முழுதாக வடியவிடுங்கள்.

குளிர்காலத்தில் செம்மை அல்லது ஊதா. ஒன்றும் செய்ய வேண்டாம். வெப்பம் திரும்பியதும் பச்சை திரும்பும்.

கோடிட்ட இலைச் செடியில் முழுப்பச்சைக் கிளை. இதைக் கண்டால் மட்டும் உடனே கத்தரியை எடுங்கள். பச்சைக் கிளை வேகமாக வளரும். ஒரு பருவம் விட்டுவைத்தால் பொன்னிறக் கிளைகளை மூடிவிடும். அது புறப்படும் இடத்திலேயே அறுத்தெடுங்கள்.

உட்பகுதியில் சாம்பல் நிறப் பூஞ்சணம். புதர் அடர்ந்து காற்று புகவில்லை. உள்ளே செத்த இலைகளை விரலால் கோதி எடுத்து, சில கிளைகளைக் களைந்து, இனி தழைமேல் படாமல் மண்ணில் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

## அறிகுறி: படரும் தைம் திட்டுத் திட்டாகக் காய்கிறது

பாய்போல் பரவி நடைகற்களின் இடுக்கில் பூத்திருந்த தைமில் கைப்பிடி அளவு பழுப்புத் திட்டு தோன்றினால் முதலில் மேலே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். உதிர்ந்த இலைச் சருகு ஒரு வாரம் ஈரத்தோடு கிடந்தாலே அடியிலுள்ள தைம் அழுகும். அடுத்து மிதி. அவ்வப்போது மிதித்தால் தாங்கும், அன்றாட நடைபாதையாக்கினால் தாங்காது. அடுத்து ஈரம்: திட்டு பள்ளத்தில் இருக்கிறதா? மழைநீர் அங்கே தேங்குகிறதா?

இவற்றில் கம்பளித் தைம் தனிவகை. அதன் மயிரடர்ந்த இலை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. காற்றில் ஈரமும் வெக்கையும் சேர்ந்திருக்கும் இடங்களில் அதை நட்டுவிட்டு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வருந்துபவர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: உங்கள் வளர்ப்பில் குறையில்லை, வகை அந்த இடத்துக்கு ஏற்றதல்ல. மயிரில்லாத படரும் தைமுக்கு மாறுங்கள், அல்லது தொட்டியில் நிமிர்ந்து வளரும் வகையை வையுங்கள்.

சரிசெய்ய, காய்ந்த திட்டை முழுதாகப் பெயர்த்து, பெருமணல் கலந்து மண்ணைச் சற்று உயர்த்தி, ஓரத்திலிருந்து வேரோடு ஒரு துண்டு எடுத்து நடுங்கள். தழைக்கும் மண்ணுக்கும் இடையே சிறு சரளை பரப்புங்கள். மரத்தூள், மட்கு, வைக்கோல் போன்ற மூடாக்கு இங்கே வேண்டாம். அவை ஈரத்தைத் தண்டோடு ஒட்டிவைக்கும். திட்டு வட்டமாக விரிந்துகொண்டே போனால், விளிம்பில் பாதி பச்சையும் பாதி பழுப்புமாக இருக்கும் பகுதியைத் தோண்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முன் பூஞ்சைக்கொல்லி தெளிக்காதீர்கள். எந்த நோய் என்று தெரியாமல் தெளிப்பது செலவு மட்டுமே.

## அறிகுறி: விதை முளைக்கவில்லை, போத்து வேர்விடவில்லை

தைம் விதை தூசிபோல் இருக்கும். ஆழத்தில் புதைத்தால் மேலே வரமாட்டாது. ஈரமண்மேல் தூவி விரலால் இலேசாக அழுத்தினால் போதும். 20 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டிலிருந்து நான்கு வாரம் காத்திருங்கள். பத்தாம் நாளே மண்ணைக் கிளறியவர்கள் பலர். ஒரு மாதம் தாண்டியும் ஒன்றும் இல்லையென்றால் விதை பழையது.

முளைத்த நாற்று மண்மட்டத்தில் கறுத்து மடிந்தால் நாற்றழுகல். அடர்த்தியும் ஈரமும்தான் காரணம். அந்தத் தட்டைக் கொட்டிவிட்டு, புதுமண்ணில் நெருக்கமில்லாமல் விதைத்து, மூடியைத் திறந்து காற்றுப்படவிடுங்கள்.

போத்துக்கு, பூவோ மொட்டோ இல்லாத இளந்தண்டை ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்தில் எடுங்கள். பூக்கும் கிளை வேரில் அக்கறை காட்டாது. கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பெர்லைட் மிகுந்த கலவையில் செருகி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்த்து நின்றால் வேர் வந்துவிட்டது. அடி கறுத்துவிட்டால் ஈரத்தைக் குறைத்து மறுபடி முயலுங்கள். ஒரே நாளில் ஐந்தாறு போத்தாவது நடுங்கள். இரண்டு பிழைத்தாலும் அந்த வகை உங்கள் கையைவிட்டுப் போகாது. பிடித்த மணமுள்ள செடி ஒன்று கிடைத்துவிட்டால், அது நலமாக இருக்கும்போதே இதைச் செய்துவையுங்கள். வாடத் தொடங்கிய செடியிலிருந்து எடுத்த போத்து பிழைப்பது கடினம்.